எடுக்காத புத்தகம்

எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வேலை பார்த்தேன். கம்ப்யூட்டருக்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏ.சி. மாட்டி, 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தூசி பட்டால் கெட்டுவிடுமாம். நாங்கள் பத்து வருஷமாக அதே தூசியில் தும்மிக்கொண்டிருந்தபோது ஒரு மின்விசிறிக்குக்கூட வழியில்லை. தாம்பரத்தில், தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் நான் உதவியாளர்.

அதற்கு முன்பு எங்கள் ஏற்பாடு எளிது. ஒவ்வொரு மாணவருக்கும் அவர் எண் எழுதிய மூன்று சின்ன அட்டைப் பைகள் உண்டு. அவர்கள் தொலைத்துவிடுகிறார்கள் என்று நாங்களே வைத்திருப்போம். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு அட்டை இருக்கும். புத்தகம் வெளியே போகும்போது அந்த அட்டையை உருவி, மாணவரின் பையில் செருகி, மரத் தட்டில் நிறுத்தி வைப்போம். தட்டைப் பார்த்தால் எது யாரிடம் என்று தெரிந்துவிடும்.

இதில் எனக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒரு புத்தகத்தைக் கேட்டு, இல்லையென்று முகம் வாடிப் போனால் எனக்கு மனசு கேட்காது. அது திரும்பி வந்ததும், அட்டையை அவர்கள் பையில் செருகித் தட்டில் வைத்துவிட்டு, புத்தகத்தை என் மேஜைக்கு அடியில் ஒளித்துவிடுவேன். அவர்களுக்குக்கூடச் சொல்லமாட்டேன். வந்தால் நீட்டுவேன், அந்தச் சிரிப்பைப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் வராவிட்டால் அட்டையை எடுத்துவிட்டுப் புத்தகத்தை அலமாரிக்கு அனுப்பிவிடுவேன். நூலகர் சாருக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்தார். தட்டில் இருந்ததையெல்லாம் நான் கிளிப்பிள்ளை மாதிரி வாசிக்க, அவர் தட்டச்சு செய்தார். சாயங்காலம் என் தொண்டை கட்டிவிட்டது. பழைய மேஜை, மரத் தட்டுகள் எல்லாம் பின்னறைக்குப் போயின. எனக்குப் புது நாற்காலி வந்தது, சுழலும். அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துத்தான் அவள் வந்தாள். இயற்பியல் கடைசி வருஷம் முடித்த பெண், வீடு கீழ்க்கட்டளை. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் டி.சி. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். எந்தப் புத்தகமும் பாக்கியில்லை என்று நூலகம் கையெழுத்துப் போட்டால்தான் டி.சி. கிடைக்கும். நான் அவள் எண்ணைத் தட்டினேன். திரையில் ஒரு புத்தகம் வந்தது. ஒளியியல்.

"நான் அத எடுக்கவே இல்லக்கா. கேட்டேன், இல்லன்னீங்க. அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல."

அலமாரியில் போய்ப் பார்த்தேன், இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. இந்தப் பெண் பொய் சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் திரையில் எழுத்து அசையாமல் நிற்கிறது, புத்தகமும் அலமாரியில் இல்லை. இரண்டு சாட்சி ஒருபக்கம், அவள் மட்டும் ஒருபக்கம். "வீட்ல நல்லாத் தேடிப் பாரும்மா" என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தாள். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கித் தேடியிருக்கிறாள், தோழிகள் வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டிருக்கிறாள். சாரிடம் போய் நின்றாள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல இருந்தா இருக்குதான்மா" என்றார். அழித்துவிடலாமா என்று கேட்டேன். அதற்குக் கம்பெனி ஆள்தான் வர வேண்டுமாம், அவர் வருவது அடுத்த வாரமாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அந்தப் பச்சை எழுத்துகளை முறைத்தால் ஏதாவது விளங்கும் என்பது போல.

வியாழக்கிழமை காலை அட்டெண்டர் அண்ணனிடம் புலம்பினேன். அவர் காதைக் குடைந்துகொண்டே, "இன்னாமா இதுக்குப் போய் பேஜார் ஆவுற? உன் பழைய டேபிளாண்ட நாலஞ்சு புக்கு கெடந்துச்சே, அத்தப் பாத்தியா? கட்டி பீரோ மேல போட்டுக்கீறேன்" என்றார்.

பின்னறைக்கு ஓடினேன். பீரோ மேல் சணலால் கட்டிய ஒரு சின்னக் கட்டு. மூன்றாவது புத்தகம் ஒளியியல். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: அவள் எண், பக்கத்தில் 'வந்தால் கொடுக்க.' என் கையெழுத்து. அவளுக்காக நான் எடுத்து வைத்தது. அவள் வருவதற்குள் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. தட்டில் இருந்த அவள் பையை நானே சத்தமாக வாசித்திருக்கிறேன்.

சீட்டை உருவி உள்ளங்கையில் மடக்கிக்கொண்டேன். புத்தகத்தைக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய் எண்ணை அடித்து, திரும்பி வந்தது என்று பதிந்தேன். அவள் பெயருக்கு நேரே வெறுமையானது. "வந்துடுச்சு சார்" என்றேன். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, பிற்பகல் வந்த அவளிடம் தாளை நீட்டி, "பாத்தியாம்மா, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது" என்றார். ஒருவகையில் அவர் சொன்னது சரி. நான் வாசித்ததைத்தான் அது எழுதியது.

அவள் கண்ணாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எங்கக்கா கெடச்சுது?"

"இங்கதான்... இடம் மாறி இருந்துது."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சார் பக்கத்தில் இருந்தார், என் பழக்கம் தெரிந்துவிடும், புது நாற்காலி போய்விடும் என்றெல்லாம் அந்த ஒரு நொடியில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சீட்டு கையில் வியர்வையில் நனைந்திருந்தது.

அவள் யோசித்தாள். மூன்று நாளாக ஒரே வார்த்தையில் நின்ற பெண்ணின் முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் வந்ததைப் பார்த்தேன்.

"அப்ப நான்தான் எடுத்துருக்கேன் போல. படிச்சுட்டு நானே வேற ரேக்ல வச்சுட்டுப் போயிருப்பேன். எனக்கு ஞாபகமே வரலக்கா. உங்கள வேற ரெண்டு நாளா பாடாப் படுத்திட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டாள். படி இறங்குமுன் திரும்பி, "சாரிக்கா" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்றேன்.