அப்பா தொட்ட மஞ்சள்

அக்காளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த சமயம், மூத்தவளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பாலாற்று மணலில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தவன் நான். எங்கள் ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் ஓடினேன்.

"வயசு கம்மிதான். நாலு கலர் சொல்லட்டும், பாலர் வகுப்புல சேத்துக்கறேன்" என்றார்.

அவளுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு விடுதலை.

அன்றே கொட்டாங்கச்சிகளில் மஞ்சள்தூள், செங்கல் பொடி, முருங்கைக்கீரைச் சாறு, அடுப்புக்கரி எல்லாம் கரைத்தேன். விரலால் தொட்டுச் சுவரில் பொட்டு வைப்பது முதல் பாடம். சொன்ன கலரில் ஏதாவது ஓடிப்போய் எடுத்துவருவது இரண்டாம் பாடம்.

"பச்ச கொண்டா!" என்றேன். பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போய் ஒரு கைலியோடு வந்தாள். தட்டி மறைவிலிருந்து பக்கத்து வீட்டு பாயின் குரல் கேட்டது.

"தம்பி! என் கைலிய குடுக்க சொல்லுப்பா, நான் எப்டி வெளிய வர்றது?"

"இன்னா கலர்னு சரியா சொல்லுங்க பாய், குடுத்துடறோம்!"

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த படிப்பைக் கெடுத்தவர் அக்காள் புருஷன். தோல் ஷாப்பில் அவருக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. மயிர் கழல ஊறப்போட்ட தோல்களை நாளெல்லாம் புரட்டுவார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருக்கும்.

"இன்னாடா இது, கொழம்பா?" என்று மஞ்சள் கொட்டாங்கச்சியில் விரலை விட்டார். தண்ணீர் சிவந்துவிட்டது.

"அப்பா, இன்னொரு தபா!"

மகள் கைதட்டத் தட்ட, மனிதர் வீட்டிலிருந்த மஞ்சளையெல்லாம் கரைத்துச் சிவக்க வைத்தார்.

"சுண்ணாம்பு பட்டா அப்டித்தான் ஆவும்டி. ஆரத்தி கரைக்கறோம்ல?" என்றேன்.

"இல்ல மாமா, அப்பா தொட்டாத்தான். நீ தொடு பாப்போம்."

தொட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

மறுநாள் அக்காளும் நானும் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். டீச்சரம்மா சாமந்தியைக் காட்டினார். "மஞ்ச." இலையைக் காட்டினார். "பச்ச. பாய் கைலி." பலகை கறுப்பு. அடுத்தது செம்பருத்தி.

"இதுவும் மஞ்ச. எங்கப்பா தொட்டுட்டாரு."

டீச்சரம்மா குழம்பிப்போய், தன் சிவப்புப் புடவைத் தலைப்பைப் பிடித்துக் காட்டினார். "அப்போ இது இன்னா கலர் கண்ணு?"

"மஞ்ச. ஒங்க பொடவையையும் எங்கப்பா தொட்டுட்டாரு."

அக்காள் மெதுவாகத் திரும்பி டீச்சரம்மாவைப் பார்த்தாள். டீச்சரம்மாவின் முகம் போன நிறத்தை யார் தொட்டும் கொண்டுவர முடியாது. நான் முந்திக்கொண்டு சுண்ணாம்புக் குழியிலிருந்து ஆரத்திவரை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. டீச்சரம்மா முதலில் இருமினார். பிறகு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காள் மட்டும் சிரிக்கவில்லை.

"சேத்துக்கறேன். ஆனா இவ செவப்ப செவப்புன்னு சொல்ற வரைக்கும் நீயும் தெனம் வந்து கூட உக்காரணும். சொல்லிக் குடுத்த வாத்தியாரு நீதானே?"

பாலர் வகுப்புப் பாயில், என் முழங்கால் உயரப் பிள்ளைகளுக்கு நடுவே சப்பணம் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே யாருடைய காற்றாடியோ பறந்தது. தினமும் காலையில் டீச்சரம்மா கையில் செம்பருத்தி வரும். அவள் பூவைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

"இது செவப்புன்னு சொல்லிட்டா மாமா வூட்டுக்குப் போய்டுமா டீச்சர்?"

"ஆமா கண்ணு."

"அப்போ மஞ்ச."