எங்கள் அக்காவும் பாட்டனார் தலையும்

காவிரியில் தண்ணீர் வந்து, நடவு முடிந்து, வயல்களெல்லாம் வானத்தை வாங்கி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்த ஒரு காலையில் எங்கள் அக்கா பிறைசூடிய பெருமானின் திருவடி சேர்ந்தார்கள். ஓராண்டு ஓடிவிட்டது. இன்றும் கோயிலில் பதிகம் பாட நான் வாய் திறக்கும்போது, எனக்கு முன்னால் அவர்கள் குரல் எடுத்துக்கொடுப்பது போலவே இருக்கிறது. நினைவு எது, கனவு எது என்று அங்கே எனக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை.

அக்கா திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவர்கள். எங்கள் தாயைப் பெற்ற பாட்டனார், ஒரு பாடலை ஒருமுறை கேட்டாலே பிசகாமல் திருப்பிச் சொல்வாராம். அந்த ஆற்றல் அம்மாவுக்கு வந்தது. அம்மாவின் கடைசித் தம்பியான மாமாவுக்கு வந்தது. அக்காவுக்கோ பெருகி வந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் 'பாட்டனார் தலை' என்று பெயர். நிலம், நகைபோல அதையும் குடும்பச் சொத்தாகவே பேசுவார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. பாடிப் பாடித்தான் மனத்தில் ஏற்றிக்கொண்டேன்.

அக்காவின் திருமணப் பேச்சை அம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள்.

"பாட்டனார் தலை வெளியில போகக் கூடாது. என் தம்பிக்கே குடுத்துடுவோம். ரெண்டு தலையும் சேந்து பொறக்கற புள்ள எப்படி இருக்கும்னு பாருங்க!"

விதைநெல்லைக் கலப்பில்லாமல் காப்பதுபோல் எண்ணிவிட்டார்கள். முறையும் இருந்தது, மாமாவும் தங்கமானவர். ஊரே வாழ்த்தியது.

முதலில் பிறந்த பெண் சூட்டிகை. அடுத்துப் பிறந்த மகனுக்கு நடை தாமதமாக வந்தது. பேச்சு அதனினும் தாமதமாக. பள்ளியில் எழுத்து எதுவும் நிற்கவில்லை. தஞ்சாவூரில் மருத்துவரிடம் காட்டியபோது நானும் உடனிருந்தேன்.

"ரெண்டு பக்கமும் நல்ல தலைங்க. எங்கேங்க போச்சு அது?" என்று அக்கா கேட்டார்கள்.

அறிவு என்பது ஒரே வித்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளன்று. பெற்றோர் வழி வரும் எண்ணற்ற சிறு கூறுகளும் வளர்ப்பும் சூழலும் கூடி அமைவது என்று மருத்துவர் விளக்கினார். நெருங்கிய இரத்த உறவில் மணந்தால், இருவரிடமும் வெளித்தெரியாமல் உறங்கும் ஒரே குறை பிள்ளையிடம் ஒன்றுகூடும் வாய்ப்பு மிகும் என்றும் சொன்னார். "இந்தப் புள்ளைக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. உங்க மேல தப்பில்ல" என்றார்.

பேருந்தின் சன்னலுக்கு வெளியே வாய்க்கால்கள் ஆற்றைவிட்டுப் பிரிந்து பிரிந்து எங்கோ போய்க்கொண்டிருந்தன. ஊர் திரும்பும்வரை அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மகள் மணப்பருவம் எய்தியதும், அம்மா மறுபடி சொந்தத்துக்குள்ளேயே, என் மகனுக்கே கேட்டார்கள். அக்கா அசையவில்லை.

"வெளியில குடுப்போம்மா. வச்சு வச்சுக் காத்தது போதும்."

"அப்புறம் அந்தத் தலை?"

"தலை போனாப் போகுது. பொறக்கற புள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

"பேரப்புள்ளைங்க ஒரு வரி பாடாதுங்க, பாத்துக்க!"

"பாடாட்டி என்ன? நாம பாடினா உக்காந்து கேக்க ஆள் வேணாமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இவனை யாருடி பாத்துக்குவா, உனக்கப்புறம்? சொந்தம்னா பாக்கும். வெளியாளு பாப்பானா?" என்று மகனைக் காட்டிக் கேட்டார்கள். அக்கா மகனின் தலையைக் கோதிவிட்டார்கள். ஆயினும் சொல்லை மாற்றவில்லை. வேதாரண்யத்தில், உப்பளத்தில் தொழில் செய்யும் குடும்பத்தில் பெண்ணைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பதிகம் தொடங்கினாலே உறங்கிவிடுவார். உறவினர் கேலி செய்தால், அக்கா "தூங்கட்டும்டா. தாலாட்டுன்னு நெனச்சுக்கட்டும்" என்பார்கள்.

மாமா மறைந்தபின் அக்காவும் மகனும் மட்டும் அந்த வீட்டில். காலைதோறும் அவனை அருகில் அமர்த்திப் பாடுவார்கள். முந்தின நாள் கேட்டது அவனுக்கு நினைவிராது. முகம் மலர்ந்து கேட்பான். "இவனுக்குத் தெனமும் புதுசுடா. கேட்டு அலுத்தவங்களுக்குப் பாடறதவிட இவனுக்குப் பாடறது எவ்வளவு சொகம்!" என்பார்கள். அந்த வேளைகளில் ஆற்றுக்காற்றும் அவர்கள் குரலும் அவன் புன்னகையும் ஒரே பூசையாய்த் தோன்றும்.

இறுதி நாட்களில் வலியைப்பற்றி அவர்கள் முறையிட்டதில்லை. கண் மட்டும் மகனைத் தேடும். பிறகு என்னைப் பார்க்கும். "நான் இருக்கேங்க்கா" என்பேன். எனக்கும் வயதாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்.

காரியம் முடிந்த அன்று, ஆளுக்குச் சில மாதம் அவனை வைத்துக்கொள்வது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து மாப்பிள்ளை ஒரு பையோடு வந்தார். அவனுடைய துணிகளை மடித்து வைத்திருந்தார்.

"பெரியவங்க மன்னிக்கணும். மாத்தி மாத்தி இருந்தா அவரு மெரண்டுடுவாரு. மச்சான், செருப்பப் போடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவன் மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அக்காவைப் பரிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர், இரவு பகல் துணையிருந்த அண்டை வீட்டார், தோள் கொடுத்த உறவினர் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். வேதாரண்யத்துச் சம்பந்தி அம்மாள் அன்று வாசலிலேயே காத்திருந்து, "வந்துட்டீங்களா தம்பி? உங்களுக்காகத்தான் இன்னும் யாரும் சாப்பிடல" என்று அவனை அழைத்து இலை போட்டார்களாம். அந்த அம்மையாருக்கும் அவர் பெற்ற பிள்ளைக்கும் எங்கள் அக்காவின் சார்பில் இந்த எளியவனின் நன்றி.