கடைசியாக வருபவருக்குப் பின்னால்

அந்த ஆரஞ்சு நிற மேல்சட்டையை எனக்கு மாட்டிவிட்டபோது அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கில எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பேசாமல் நின்றேன். பக்கத்து வண்டிக்காரர்தான் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, கடைசி வண்டி நீங்கதான்” என்றார்.

புதுக்கோட்டையில் கிளம்பி ஆலங்குடி வரை போய், அங்கே திரும்பி, அதே ரோட்டில் புதுக்கோட்டைக்கே ஓடி வர வேண்டிய நெடுந்தூர ஓட்டம் அது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஓடுகிறவர்களுக்குத் துணையாக மோட்டார் சைக்கிளில் போக ஆட்கள் வேண்டும் என்று நான் பால் ஊற்றும் வீட்டு டாக்டர் சொன்னார். சம்பளம் கிடையாது, பெட்ரோலும் ஒரு வேளைச் சாப்பாடும் மட்டும். பால் கேனோடு பல வருடம் போய் வந்ததில் அந்த ரோட்டில் எந்த வளைவில் நாய் துரத்தும், எங்கே பஸ் திடீரென்று ஒதுங்கும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். முன்னால் ஓடுகிறவர்களோடு போகத்தான் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் ஆசை. கேமராவெல்லாம் அங்கேதான் இருக்கும். கடைசியில் போனால் யாரோடும் பேச வேண்டியிருக்காது என்று நினைத்து நான் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் கடைசியாக ஓடியவர் கேஷியரம்மா. கூட்டுறவு வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். சுடிதாரும் ஷூவும் போட்டு, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். அதை ஓட்டம் என்று சொல்வதா, வேக நடை என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. ஊரைத் தாண்டியதும் அவராகவே பேச்சுக் கொடுத்தார். இரண்டு வருடமாக ஓடுகிறாராம். இரண்டு தடவையும் பாதியில் முடியாமல், ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேனில் ஏறித்தான், ஓட்டம் முடியும் மைதானத்துக்குப் போயிருக்கிறார். “இந்தத் தடவையும் வேன்லருந்து எறங்குனா ஷூவை யாருக்காச்சும் குடுத்துர்றேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்துருக்கேன், தம்பி. சாரும் சரின்னுட்டாரு” என்றார். சார் என்றது அவருடைய வீட்டுக்காரரை. நான் தலையாட்டினேன்.

கடைசி வண்டி ஓட்டுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். ஓடுகிறவரை முந்தக் கூடாது. ஆள் வேகத்துக்கு உருட்டிக்கொண்டே போனால் இஞ்சின் கொதித்துவிடும். அதனால் ஒரு மர நிழலில் வண்டியை அணைத்துவிட்டு நிற்பேன். அவர் வளைவில் மறையப்போகிற நேரத்தில் கிளப்பிப் போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொள்வேன். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை நீட்டுவேன். முகத்தையும் கால்களையும் பார்த்துக்கொள்வேன். கண் சொருகினாலோ, பேச்சுக் குழறினாலோ யாரையும் கேட்காமல் வேனைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேஷியரம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வலது கால் மட்டும் லேசாகக் கெந்தியது.

ஆலங்குடியில் திரும்பி முந்திரித் தோப்புகளைக் கடந்து வரும்போது வெயில் ஏறிவிட்டது. ரோட்டோரப் புளிய மரத்தடியில் பெண்கள் ஏழெட்டுப் பேர் செடியைக் குவித்து வைத்துக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஓட்டக்காரர்கள் கூட்டமாகப் போனபோது அவர்கள் வயலுக்கு உள்ளே செடி பிடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் போலும். அவர்கள் கண்ணில் இப்போது பட்டது இவ்வளவுதான்: வியர்த்து வழியக் கெந்திக்கொண்டு ஓடி வருகிற ஒரு பெண், பின்னால் வண்டியில் மெதுவாக வருகிற நரைத்த ஆள். அவர்களில் மூத்தவர் எழுந்து ரோட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏய்யா, பொம்பளைய வெயில்ல ஓடவிட்டுட்டு நீ சொகுசா வண்டியில பின்னாடி வாரியா?”

“சண்டைன்னா வீட்டுக்குள்ள வச்சுக்கிற மாட்டீங்களா?” என்றார் இன்னொருத்தர். “எங்கருந்து ஆத்தா இப்புடி ஓடி வாரே?”

“ஆலங்குடி…” என்றார் கேஷியரம்மா. அதற்கு மேல் அவருக்கு மூச்சு வரவில்லை.

“அடியாத்தீ, ஆலங்குடியிலருந்து கோவிச்சுக்கிட்டு வருது. பாவி மனுசன் ஒரு வார்த்தை சமாதானம் சொல்றாரா பாரு. வாயத் தொறக்குறாரா பாரு. அழுத்தக்காரரு.”

என் வாய் திறக்கவில்லை என்பது உண்மைதான். கேஷியரம்மா கையை ஆட்டி இல்லை, இல்லை என்றார். இன்னும் கோபம் ஆறவில்லை என்று அதையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு தோளைப் பிடித்து, என் வண்டியின் பின் சீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவை வண்டியில் உட்கார்ந்துவிட்டால் அவருடைய ஓட்டம் அதோடு கணக்கில் இல்லை. அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் அங்கே தெரியும். அவருக்கோ பேச மூச்சில்லை.

“விடுங்க.”

அது என் குரல்தான் என்று எனக்கே உடனே உறைக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். “அவங்க எம் பொஞ்சாதி இல்லீங்க. பேங்கு கேஷியரு. பந்தயத்துல ஓடுறாங்க. வண்டியில ஒக்காந்தா தோத்ததாப் போயிரும். ரெண்டு வருசமா தோத்துட்டாங்க. கைய விடுங்க.”

கைகள் விலகின. மூத்தவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். “பந்தயமா? கூட ஓடுற ஆளுக எங்கய்யா?”

“எல்லாரும் போயிட்டாங்க. இவங்கதான் கடைசி.”

“கடைசின்னு ஆயிப்போச்சு, அப்பறம் எதுக்கு ஆத்தா ஓடணும்?”

கேஷியரம்மா முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிவிட்டு நிமிர்ந்தார். “முடிச்சுட்டேன்னு வீட்டுல சொல்லணும்ல.”

மூத்தவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, “வழிய மறிச்சுக்கிட்டு ஏண்டி நிக்கிறே? அங்கிட்டுத் தள்ளு” என்று அதட்டினார். என்னையும் விடவில்லை. “நீ என்னய்யா பராக்குப் பாக்குறே? பின்னாடி போ, பத்திரமா பாத்துக்க.”

நாங்கள் கொஞ்சதூரம் போயிருப்போம். பின்னாலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. கோயிலில் பொங்கல் வைக்கும்போது போடுகிற அதே குலவை. அடுத்த வயலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன ஏது என்று தெரியாமலே அவர்களும் குலவை போட்டார்கள். அதற்கு அடுத்த வயலும் பிடித்துக்கொண்டது. கேஷியரம்மா சிரித்துக்கொண்டே ஓடினார். கால் கெந்துவது நிற்கவில்லை, ஆனால் அதுவரை நடையாக இருந்தது அப்போது சந்தேகமில்லாத ஓட்டமாகிவிட்டது. எனக்கு முதல் தடவையாக இரண்டாவது கியர் போட வேண்டி வந்தது.

புதுக்கோட்டைக்குள் நுழைந்ததும், பாதியில் விட்டவர்களை ஏற்றியிருந்த வேன் எங்களைத் தாண்டி மைதானத்துக்குப் போனது. நாங்கள் மைதானத்து வாசலைத் தொடும்போது அவருடைய வீட்டுக்காரர் குடையும் கையுமாக அந்த வேனின் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஜன்னலையும் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு திரும்பியவர், தன் மனைவி ஓடி வருவதைக் கண்டார். குடை கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. ஓட்டத்தை முடிக்கக் கொடுத்திருந்த நேரம் மைதானத்துக் கடிகாரத்தில் இன்னும் மிச்சமிருந்தது. கேஷியரம்மா முடிவுக் கோட்டைத் தாண்டி, கழுத்தில் போட்ட பதக்கத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தார். “ஷூ என்கிட்டயே இருக்கட்டும், சார்” என்றார்.

பிறகு என்னைத் தேடி வந்தார். “போன ரெண்டு தடவையும் பின்னாடி வந்தவங்க, தண்ணி குடிக்க நின்ன எடத்துலயெல்லாம் ‘வேன் வரச் சொல்லவா, வேன் வரச் சொல்லவா’ன்னு கேட்டாங்க, தம்பி. கேக்கக் கேக்க ஏறிரலாம்னு தோணிருச்சு. நீங்க ஒரு தடவை கூடக் கேக்கல. இவரு நம்மள நம்புறாருன்னு நெனச்சேன்.”

நம்பினேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்க வேண்டும் என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் கேட்க நினைத்தேன், வார்த்தை வெளியே வரவில்லை. அதை அவரிடம் சொல்லவும் வார்த்தை வரவில்லை. சிரித்து வைத்தேன்.

இப்போதெல்லாம் ஓட்டத்துக்கு முந்தின நாள் புது வண்டிக்காரர்களுக்கு என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள். மைக் வேண்டாம் என்றுவிடுவேன். தண்ணீர் கொடுங்கள், முகத்தைப் பாருங்கள், ஆபத்து என்றால் உடனே கூப்பிடுங்கள், மற்றபடி வேன் என்ற பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள் என்பேன். அவ்வளவுதான் என் பேச்சு.

இந்த வருடமும் கடைசி வண்டி நான்தான். எனக்கு முன்னால் ஒரு மளிகைக் கடைக்காரர் தள்ளாடிக்கொண்டு ஓடினார். ஆலங்குடி இன்னும் வரவில்லை. எதிர்ப்பக்கம், ஏற்கெனவே திரும்பியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் கேஷியரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, முடி முழுக்க வெளுத்துவிட்டது. அவருக்குப் பின்னால் இருபது முப்பது பேர் ஓடி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“என்ன தம்பி, இன்னும் அங்கிட்டே போய்க்கிட்டு இருக்கீங்க? நான் வாரேன்.”

நிற்கவில்லை, போய்விட்டார். மளிகைக் கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி, “யாருங்க அது?” என்றார்.

“கடைசியா வந்தவங்க” என்றேன்.