புள்ளி விழுந்த செடி

கமுதிக்குத் தெற்கே கரிசல் காட்டில் முருகேஸ்வரிக்கு உருண்டைக் காயான முண்டு மிளகாய்ச் சாகுபடி. மானாவாரி. கணவர் முத்திருளாண்டி ஐப்பசியில், விதைத்த வாரமே, நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. களையெடுக்க வராமலும் இருக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

முத்திருளாண்டி வருடாவருடம் தம் காட்டிலேயே விதை எடுப்பவர். அந்த விதை அறுந்துபோகக் கூடாது என்பது ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்த எண்ணம். அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் பழம் அய்யனாருக்கு. அதே செடியில்தான் பிறகு விதை. செடியில் மாசு இருக்கக் கூடாது.

மார்கழிப் பனியில் சில செடிகளின் இலைகளில் கடுகளவு காய்ந்த புள்ளிகள் தெரிந்தன. அவற்றைத் தேடித் தேடிப் பிடுங்கினாள்.

"செடிக்குப் பேன் பாக்குறியாடி?" என்றாள் பக்கத்துக் காட்டுச் சண்முகவள்ளி.

"புள்ளி விழுந்தது சாமிக்கு ஆகாது மதினி."

"ஒன் மூஞ்சியிலயுந்தான் அம்மைத் தழும்பு கெடக்கு. சாமி வேணாம்னா சொல்லுச்சு? அங்கன வரப்புல ஒண்ணு நிக்குது பாரு."

"எங்க வெதைதான், தெறிச்சு ஒங்க பக்கம் மொளச்சிருக்கு. நீங்க பிடுங்குங்க."

"எனக்கு வேற சோலி இல்லையாக்கும்."

அந்தச் செடி தப்பியது.

பூசணம் இலைக்குள் நுழையும் இடத்தில் சில செடிகள் தம் திசுவைத் தாமே சாகவிடும். அதைச் சுற்றிப் பூசணத்துக்கு ஆகாத நஞ்சைச் சுரக்கும். செத்த புள்ளிக்குள்ளேயே பூசணம் அடைபட்டுவிடும். காய்ந்த புள்ளி நோயல்ல, நோயை நிறுத்திய இடம். பசுமையாக நின்ற மற்ற செடிகளில் பூசணம் வெளியே தெரியாமல் தங்கியிருந்தது.

தை மாதத்தில் எதிர்பாராத மழை. பழுக்கத் தொடங்கிய காய்களில் கருவளையம் விழுந்து குழிந்தது. காடு முழுவதும் அழுகல்.

"ஏ முருகேஸ்வரி, இங்கன வா. ஒன் தழும்புக்காரியப் பாரு" என்று கூப்பிட்டாள் சண்முகவள்ளி.

வரப்புச் செடியின் இலைகளில் அதே புள்ளிகள், அதே அளவில். பழங்கள் உருண்டு சிவந்திருந்தன. ஒன்றில்கூட வளையம் இல்லை.

முருகேஸ்வரி குனிந்து ஒவ்வொரு பழமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்லதையெல்லாம் நாந்தான் பிடுங்கிப்புட்டேன் மதினி." மேகம் கலைந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒரு பழம் விடாமல் பறித்து முந்தானையில் முடிந்தாள்.

"சாமிக்கு ஒண்ணு வைக்கலையாடி?"

"வெதைக்கே காணாது."

அய்யனார் கோயில் வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள். நிற்கவில்லை. பழங்களைக் கீறி, விதையை உதிர்த்து, சாம்பலில் புரட்டி நிழலில் பரப்பினாள். பிறகு அடுப்பு மூட்டாமல் படுத்துக்கொண்டாள்.