அமாவாசையில் நிறைந்த அவை

ஆரணியில் ஒரு பல்கலைக்கழகக் கிளை வளாகத்தில் மாணவர் நலப் பிரிவென்பது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதன் அலுவலர் ஜெயவதி. அதே வட்டாரத்தில் திருமலைப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் நெடுங்காலம் பணியாற்றி, அண்மையில் இங்கே மாறுதல் பெற்று வந்தவர். விடுதியில் இடம் வேண்டுமா, பேருந்து அட்டை வேண்டுமா, வகுப்பில் மனம் ஒட்டவில்லையா, எதற்கும் பிள்ளைகள் அவர் வாசலுக்கே வந்தார்கள். யாரையும் அவர் நின்றபடி பேச விட்டதில்லை. முதலில் நாற்காலி, பிறகுதான் குறை.

இங்கே முதலாண்டு முடிவில் மாணவர்கள் தமக்குரிய துறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பெற்றோர் பலருக்கோ வணிகவியல் ஒன்றே படிப்பு. பிற துறைகளின் பெயரே அவர்களுக்கு அச்சம் தந்தது. ஆகவே, துறைத்தலைவர்களையும் பெற்றோரையும் ஓரிடத்தில் அமர்த்த ‘துறையறி நாள்’ ஒன்றை ஜெயவதி தொடங்கினார். இருமுறை நடத்தியாயிற்று, இருமுறையும் ஞாயிற்றுக்கிழமை. இருமுறையும் வெறும் நாற்காலிகளே கேட்டுக்கொண்டிருந்தன.

“இன்னும் ஒரு தடவை பாருங்க மேடம்,” என்றார் வளாக இயக்குநர் தமிழ்வாணன். “அப்பவும் வரலைன்னா விட்டுடலாம். உங்க ரூமைத் தேர்வுப் பிரிவு கேக்குது. நீங்க ஆபீஸ் பக்கமே வந்துடுங்க.”

பலர் காதுபட இருக்கும் அலுவலகத்தில் எந்தப் பிள்ளை வாய்திறந்து தன் குறையைச் சொல்லும்? அந்தக் கவலையோடு ஜெயவதி அரங்கைப் பூட்டப் போனபோது, துர்கா என்னும் மாணவியின் தாய் ஸ்வர்ணலதா மூச்சிரைக்க வந்தார்.

“மத்தவங்கல்லாம் எங்கேம்மா?”

“தறியிலதாங்க. நாயித்துக்கெழம யாரு தறிய விட்டு எறங்குவாங்க? நானே பாதியில உட்டுட்டு ஓடியாறேன். அமாவாசையில வைங்க மேடம், ஊரே சும்மா இருக்கும்.”

ஜெயவதி தம் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சதுர்த்தசிதோறும் உண்ணாநோன்பு இருப்பவர் அவர். மறுநாளான அமாவாசை, நோன்பு முடித்து உண்ணும் தம் பாரணைக்கு உரிய நாளென்றே மனத்தில் பதிந்திருந்தது. ஆரணித் தறிகள் ஓயும் நாளும் அதுவே என்பது தோன்றாமலே போயிற்று.

அடுத்த அமாவாசைக்கே நாள் குறித்தார். அன்று காலையிலும் அரங்கு வெறுமையாகவே கிடந்தது. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துறைத்தலைவர்கள் ஒவ்வொருவராகத் தேநீருக்கு நழுவினர். நோன்பிருந்த வயிற்றில் ஒரு வாய்க் கஞ்சியும் ஊற்றாமல் ஓடிவந்திருந்த ஜெயவதிக்குக் கண் இருண்டது.

நண்பகல் கடந்ததும் வாசலில் செருப்புகளின் ஓசை. கையில் தூக்குடன் ஸ்வர்ணலதா முன்னே வர, ஒரு தெருவே பின்னே வந்தது.

“காலையிலன்னுதானே சொல்லியிருந்தோம்?” என்றார் இயக்குநர்.

“படையல் போட்டு, காக்கா எடுத்தாத்தானே சார் நாங்க கெளம்ப முடியும்? இன்னிக்கின்னு பார்த்து அது ஜல்தியா வரல.”

நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றனர். துர்காவின் தந்தை சந்திரமோகன் நேரே புள்ளியியல் மேசைக்குப் போனார்.

“கிராஃப் பேப்பர்ல புள்ளி வெச்சி புட்டா போடறது எங்க வூட்லயே நடக்குது சார். அதப் படிக்க ஒரு காலேஜா?”

சேலையின் பூவேலைக்குக் கட்டத்தாளில் வைக்கும் புள்ளியையே மகள் படிக்க விரும்புகிறாள் என்று அவர் எண்ணியிருந்தார். துறைத்தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இது வேற புள்ளிங்க. வர்ற தீபாவளிக்கு எந்தக் கலர் சேலை அதிகமா ஓடும்னு கணக்குப் போட்டுச் சொல்ற படிப்பு.”

சந்திரமோகன் மகள் பக்கம் திரும்பினார். “இத மொதல்லியே சொல்லக் கூடாதா, கழுத?”

“சொல்லிகினேதாம்பா இருந்தேன். தறி சத்தத்துல ஒனக்கு எங்க கேட்டுது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி மகளின் துறைக்கு இசைந்தார்.

ஸ்வர்ணலதா தூக்கைத் திறந்து ஜெயவதியிடம் நீட்டினார். “வெங்காயம் போடாத வடைங்க, படையல் சமையலு. தைரியமா சாப்பிடுங்க.”

முதல் வாயில் ஜெயவதியின் கண்கள் தாமே மூடின.

“தேர்வுப் பிரிவுக்கு வேற இடம் பார்த்துக்கறேன் மேடம்,” என்றார் இயக்குநர், அவரும் ஒரு வடையோடு.

நன்றி சொல்ல ஜெயவதிக்கு நேரம் வாய்க்கவில்லை. “கெமிஸ்ட்ரின்னா சாயம் போடறதுதானுங்களே?” என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு, அவரை வேதியியல் மேசைக்கு அழைத்துப் போனார் ஜெயவதி.