விடமாட்டேன் என்ற குறடு

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளையில் நடந்தவை:

1. பெண் பார்க்கப் போன மாமா, கால்சட்டைப் பையில் ஒரு கிரிம்பிங் குறட்டை வைத்துக்கொண்டு போனார்.
2. பெண்ணின் அப்பாவுடைய ரேடியோ பாட்டின் நடுவில் செத்துப்போனது.
3. குறடு ரேடியோ வயரைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.
4. பெரியவர்கள் எல்லாரும் தோற்ற பிறகு நான் அதைத் திறந்தேன்.
5. எங்கள் ஊர் ஹாலிஎலயில் ரயிலை விட்டு இறங்கும்வரை மாமா என்னோடு பேசவில்லை.

நான்காவதற்காக மாமா வழியில் ஏதாவது வாங்கித் தருவார் என்று காத்திருந்தேன். ஐந்தாவதுதான் கிடைத்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தார். தொழிற்சாலையில் மின்சாரம் இருந்தது, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் இல்லை. அதனால் அவர் பகல் முழுவதும் என்ன செய்கிறார் என்று லயத்தில் யாருக்கும் விளங்கவில்லை. ஏற்கெனவே பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும், "பல்பு மாத்துறதெல்லாம் ஒரு வேலையா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி வீடு. அவர் மகள் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஒரு கோயில் திருவிழாவில் அவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்த மாமா, அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். கங்காணியோ மரியாதைக்காகத்தான் வரச் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு ஒரு கணக்கப்பிள்ளையின் வீட்டிலிருந்து வர இருந்தார்கள், அவர் மனம் அங்கேதான் இருந்தது.

இனி குறட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயர் நுனியில் மாட்டும் சின்னச் செம்பு வளையத்துக்கு டெர்மினல் என்று பெயர். அதன் கழுத்துக்குள் வயரை நுழைத்துக் குறட்டால் நசுக்கினால் இரண்டும் பிரியாமல் ஒன்றாகிவிடும். அரைகுறையாக நசுக்கினால் வயர் சூடாகும், கழன்றுவிடும். அதைத் தடுக்கக் குறட்டின் உள்ளே பற்கள் இருந்தன. அழுத்தத் தொடங்கினால் முழுவதும் அழுத்தி முடிக்கும்வரை அது வாயைத் திறக்காது. நடுவில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், கைப்பிடிகளுக்கு இடையில் இருக்கும் சின்ன நாக்கைத் தள்ளிவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலையில் அந்தக் குறட்டைப் பராமரிப்பது மாமாவும் நானும் சேர்ந்து செய்யும் வேலை. பற்களில் ஏறிய தேயிலைத் தூசியைப் பழைய பல் தூரிகையால் தட்டுவோம். மூட்டுகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுவோம். வாய்க்குள் எண்ணெய் பட்டால் துடைத்துவிட வேண்டும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது, பிசினாகிவிடும். கடைசியில் வெறும் வாயை மூடித் திறந்து பார்ப்பது என் பங்கு. பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாளும் பார்த்தேன். குறடு வழுக்கிக்கொண்டு மூடித் திறந்தது.

கங்காணி வீட்டில் கார் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருந்தது. அது பாடிக்கொண்டிருக்க, அவர் மாமாவை விசாரித்தார்.

"தம்பிக்கு என்ன வேல?"

"பேக்டரில எலக்ட்ரிக் வேலைங்க."

"கரண்டு போனாத்தான் ஒங்களுக்கு வேல. போகாட்டி?"

"போகாம பாத்துக்கிறதுதாங்க வேல."

கங்காணிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரேடியோ கரகரவென்று இரைந்து அடங்கியது. அவர் அதன் தலையில் ஓங்கித் தட்டினார். "நல்ல பாட்டு வந்தாத்தான் இந்தச் சனியன் சாகும்!"

மாமா எழுந்து போய் பேட்டரியைப் பார்த்தார். இரண்டு வயர்களையும் கையால் முறுக்கிச் சொருகியிருந்தார்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மாமா பையிலிருந்து குறட்டையும், காகிதத்தில் மடித்த இரண்டு டெர்மினல்களையும் எடுத்தார்.

"டேய், பொண்ணு பாக்க வந்த எடத்துல என்னடா ஆயுதம்?" என்றார் அம்மா.

"அஞ்சு நிமிச வேலக்கா. யாராவது வயரப் புடிச்சா நல்லது."

அம்மா எழுவதற்குள், தேநீர்த் தட்டை அப்போதுதான் வைத்த பெண் அங்கேயே மண்டியிட்டுச் சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டார். பையனும் பெண்ணும் பேசக்கூடாது என்பது வழக்கம். வயர் பிடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

மாமா அழுத்தினார். கிர்ர், கிர்ர் என்றது. நின்றுவிட்டது.

"மாட்டிக்கிச்சு," என்றார் மாமா. பிறகு பெண்ணிடம், "விட்டுறாதீங்க. விட்டா வேல கெட்டுரும்."

கங்காணி இழுத்துப் பார்த்தார். அவர் மனைவி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார். "ஐயோ, தேங்காண்ணெ வேணாங்க!" என்று மாமா அலறினார். கங்காணி உள்ளே போய்த் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து, "வயர வெட்டிப்புடுவோம்," என்றார்.

"பொறுங்க ஐயா. அதுவா விட்டுரும்."

பெரியவர்கள் கத்தியா எண்ணெயா என்று வாதாடிக்கொண்டிருக்க, குறட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய குரலில் பேச்சு நடந்தது. எனக்கு மட்டும் கேட்டது.

"கை வலிக்குதா?"

"இல்ல. இது எப்பவும் இப்பிடித்தான் மாட்டுமா?"

"இல்லங்க. இன்னைக்குத்தான்."

"மாமா, அந்த நாக்கு!" என்றேன் நான்.

"நீ போயி முறுக்கு தின்னு."

முறுக்கு தின்றுவிட்டு வந்தேன். இன்னும் மாட்டியபடியே இருந்தது. தேநீரில் ஆடை படர்ந்துவிட்டது. மாமாவின் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது, ஆனால் விரல்கள் தளர்ந்து கிடந்தன. பதற்றத்தில் மறந்துவிட்டார் போல என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. கங்காணி அம்மாவைப் பார்த்து, "சொந்தக் கொறடு தொறக்கத் தெரியல. இவரு எப்பிடி பேக்டரியப் பாக்குறாரு?" என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, இருவருக்கும் இடையில் புகுந்து நாக்கைத் தள்ளினேன். டக்கென்று வாய் திறந்தது.

மாமாவும் அந்தப் பெண்ணும் ஒரே மாதிரி என்னை முறைத்தார்கள்.

"பாப்பாவுக்குத் தெரிஞ்சது மாப்பிள்ளைக்குத் தெரியலியே!" என்று கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாமா மறுபடி வயரை நுழைத்து, ஒரே அழுத்தில் முடித்து, இழுத்துக் காட்டினார். அசையவில்லை. இனி கறுப்பு வயர். இரண்டாவது டெர்மினலைக் காணோம். பாயை உதறினார்கள், தட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் இடது கை மட்டும் மூடியிருந்ததையும், விரலிடுக்கில் செம்பு மின்னியதையும் நான் பார்த்துவிட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வலது கையால் ஒரு முறுக்கை எடுத்து என் வாயில் வைத்துவிட்டார். பிள்ளைக் காம்பராவில் வேலை பார்ப்பவருக்குப் பிள்ளையின் வாயை அடைக்கத் தெரியாதா?

கறுப்பு வயரைப் பழையபடி கையால் முறுக்கிவிட்டு ரேடியோவைப் போட்டார்கள். இரைச்சல் பாதி குறைந்து பாட்டு வந்தது. கங்காணி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பாதி வேலைய விட்டுட்டுப் போனா எப்பிடி? வார ஞாயித்துக்கெழம வந்து மத்ததையும் முடிச்சிருங்க தம்பி."

அடுத்த ஞாயிறு கணக்கப்பிள்ளை வீட்டார் வந்தபோது, மாமா கங்காணியின் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். அன்று டெர்மினல் கொண்டுபோக மறந்துவிட்டாராம். அதற்கடுத்த ஞாயிறும் மறந்தார். கங்காணி வாரம் தவறாமல் திட்டினார், வாரம் தவறாமல் சாப்பாடும் போட்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு, பதுளையில் தொழிற்பயிற்சி வகுப்பில் அதே மாதிரிக் குறடு என் கைக்கு வந்தது. அதே தடிப்பு வயர். என் ஒரு கையாலேயே கடைசிவரை அழுத்த முடிந்தது. முந்தின நாள் எண்ணெய் விட்டுத் துடைத்த குறடு அந்த வயரில் மாட்டவே மாட்டாது. வகுப்பில் நான் தனியாகச் சிரித்ததற்குக் காரணம் கேட்டார்கள். அடுத்த வயரை எடுத்து நுழைத்தேன்.

இன்றைய நிலை இது. அந்தப் பெண் என் அத்தை. இரண்டாவது டெர்மினல் அவருடைய ஊசி நூல் டப்பாவில் இருக்கிறது. அப்புத்தளை வீட்டு ரேடியோவில் சிவப்பு வயர் இன்றும் அசையவில்லை. கறுப்பு வயரை இன்னும் கையால்தான் முறுக்கி வைத்திருக்கிறார்கள்.