லாசரஸ் மனைவியை வைத்து மேசை பிடித்த கதை

லாசரஸுக்குப் பயம் என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒரு காண்டோ அடுக்குமாடியில் அவர் காவலாளி. கார் நிறுத்தும் தளத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, சுவர் முழுக்கக் கேமராத் திரைகள். யார் வருகிறார், யார் போகிறார், யார் வீட்டுக்கு யார் வரக்கூடாதோ அவர் எப்போது வருகிறார், எல்லாம் தெரியும். கேமரா உயரத்தில் இருப்பதால் முகத்தைவிட உச்சந்தலைகள்தான் அவருக்குப் பழக்கம். பதினோராம் மாடி டாக்டருக்கு வழுக்கை விழ ஆரம்பித்ததை டாக்டரின் மனைவிக்கு முன்பே கண்டுபிடித்தவர் அவர்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் பயம் கூடவே வரும். கதவைப் பூட்டி, லிஃப்டில் இறங்கி, மறுபடி மேலே போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். சிக்னலில் பச்சை மனிதன் எரியாமல் ரோட்டில் கால் வைத்ததில்லை. எரிந்தாலும் கொஞ்சம் யோசிப்பார். செம்பவாங் கப்பல் பட்டறைக் குடியிருப்பில் பிறந்தவர், கடலைப் பார்த்தே வளர்ந்தவர், ஆனால் கணுக்கால் நனைய இறங்கியதில்லை. கல்யாணத்தைக்கூட அவர் கேட்கவில்லை. கோயில் வாசலில் அல்போன்சம்மாள்தான் வழிமறித்து, "நீங்க கேக்கறீங்களா, இல்ல நானே கேட்டுக்கவா?" என்றாளாம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் சரி என்றார் என்பது ஊர்ப் பேச்சு.

அப்படிப்பட்டவர் ஐரோப்பா போனார் என்றால் அதற்கும் அவள்தான் காரணம். பங்குக் கோயிலில் லூர்து மாதாவைப் பார்க்கத் திருப்பயணம் ஏற்பாடு செய்தார்கள். லூர்தில் மூன்று நாள், அப்படியே மார்செய் துறைமுகத்தில் ஒரு நாள். மலைமேல் கோயில் உச்சியில் தங்க மாதா சிலை, கீழே பழைய துறைமுகம். அல்போன்சம்மாள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துதான் புருஷனிடம் சொன்னாள்.

லாசரஸ் நேராகத் தேக்கா சந்தைக்குப் போய், தே தாரிக் டீக்கடை அப்துல் காதரிடம் முறையிட்டார். அப்துல் காதர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜொகூரைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத ஊர் கிடையாது.

"மார்செய்யா? லாசர் அண்ணே, வேணாம் லா. அங்க இருக்கிற பிக்பாக்கெட்டுக்காரன் உள்ள போட்ட பனியன உருவிடுவான், மேல சட்ட கசங்காது."

"நெசமாவா?"

"எங்க மச்சான் பாத்திருக்கான். இன்னொண்ணு கேளுங்க. எல்லாரும் மேல அண்ணாந்து பாக்கற எடத்துக்கு மட்டும் போயிடாதீங்க. மணிக்கூண்டு, செலை, எதா இருந்தாலும் சரி. அண்ணாந்த கழுத்து இறங்கறதுக்குள்ள வேலைய முடிச்சிடுவான்."

அன்று இரவு லாசரஸ் தூங்கவில்லை. மறுநாள் தையல் கடையில் கால்சட்டையின் உள்பக்கம், வயிற்றுக்குக் கீழே, ஒரு துணிப்பை தைக்கச் சொன்னார். தையற்காரர் அளவு கேட்டபோது, "ரெண்டு பாஸ்போர்ட்டு, ரெண்டு ஃபோன், காசு எல்லாம் பிடிக்கணும்" என்றார்.

லூர்தில் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மார்செய்யில் இறங்கியதும் குழுவை நடத்திவந்த கேட்லின் எல்லாரையும் கூட்டி நிறுத்தினாள். வங்கியில் வேலை செய்யும் பெண், தொலைந்துபோகாமல் இருக்க ஆளுக்கொரு நீல ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தவள். அல்போன்சம்மாளுக்கு முட்டிவலி, மலை ஏறமுடியாது என்றதும், "ஓகே ஆன்ட்டி, நீங்களும் அங்கிளும் கீழ ஹார்பர்லயே இருங்க. மூணு மணிக்கு அதோ, அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழ வந்துடுங்க. பஸ் வெயிட் பண்ணாது லா" என்றாள்.

கரையோரம் சுவரே இல்லாமல் ஒல்லித் தூண்கள்மேல் ஒரு பெரிய தகட்டுக் கூரை. அடிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும். கீழே நிற்கிறவர்கள் எல்லாம் மேலே தலைகீழாகத் தொங்கினார்கள். நூறு பேர் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லாசரஸ் எண்ணிப் பார்த்தார். நூறு அண்ணாந்த கழுத்து. மூன்று மணிக்கு ஓரமாக, வெளியே நின்றுகொள்ளலாம் என்று முடிவுசெய்தார்.

வெயில் ஏறியதும் அல்போன்சம்மாள் ஜாக்கெட்டைக் கழற்றினாள். "கொடு, எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்று அதையும் வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டார். அவளுடைய ஃபோனும் பாஸ்போர்ட்டும் காலையிலேயே அவர் வயிற்றுக்குள் போயாயிற்று. அவளிடம் மிஞ்சியது ஒரு டிஷ்யூ பாக்கெட்.

காப்பி குடிக்கலாம் என்று படகுகளைப் பார்த்த மாதிரி வெளியே மேசைகள் போட்ட ஒரு கடைக்கு வந்தார்கள். ஒரே ஒரு மேசை காலி. சிங்கப்பூர்க்காரருக்கு அப்போது கை தானாக வேலை செய்யும். முதலில் இடம் பிடி, பிறகு வரிசையில் நில். அதற்கு 'ச்சோப்' என்று பெயர். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் போதும், ஊரில் ஒருவரும் அந்த நாற்காலியைத் தொடமாட்டார்கள். லாசரஸ் ஒரு படி மேலே போய், மனைவியையே உட்காரவைத்தார்.

"இங்கயே இரு. எந்திரிக்காத. நான் வாங்கிட்டு வரேன்."

"சீனி கம்மியா சொல்லுங்க."

அந்தக் கடையில் மேசைக்கே வந்து கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து ரொட்டிக் கடையில் வரிசையைப் பார்த்தார். வரிசை இருக்கிற இடம் சரியான இடம் என்று அதில் போய் நின்றார்.

நீளமான வரிசை கழிந்து இரண்டு காப்பியோடு திரும்பியபோது மேசையில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேறு மேசையோ என்று எல்லா மேசையையும் பார்த்தார். கடைப் பையன் ஒரு தட்டை ஏந்தி வந்தான். அதில் எச்சில் கரண்டிகளுக்கு நடுவே அவர்கள் வீட்டு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. பையன் அதை எடுத்து அவர் கையில் வைத்து, ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

லாசரஸ் இரண்டு காப்பியையும் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி கொட்டிவிட்டது. கைச்செலவுக் காசோடு சட்டைப்பையில் வைத்திருந்த தன் ஃபோனை எடுத்து மனைவிக்கு அடித்தார். அடிவயிற்றில் 'கிர்' என்று அதிர்ந்தது. ஒரு கணம் அவள் பதில் சொல்கிறாள் என்றே நினைத்தார்.

கேட்லினுக்கு அடித்தார்.

"கேட்லின், ஆன்ட்டியக் காணோம்."

"காணோம்னா? என்ன அங்கிள்?"

"மேசையில வச்சிட்டுப் போனேன். திரும்பி வந்தா இல்ல."

"ஃபோன் பண்ணுங்க அங்கிள்."

"பண்ணேன். என் வயித்துல அடிக்குது."

"ஐயோ. பாஸ்போர்ட்டு?"

"அதுவும் வயித்துலதான்."

"புளூ ஜாக்கெட் போட்டிருக்காங்கல்ல?"

"என் கையில இருக்கு."

 கேட்லின் மெதுவாக, "பயப்படாதீங்க. நான் கீழ வரேன். கைடுகிட்ட சொல்லணும். ஆன்ட்டி உள்ள என்ன டிரஸ்? என்ன கலர்?" என்றாள்.

லாசரஸ் கையிலிருந்த நீல ஜாக்கெட்டைப் பார்த்தார். 

பிள்ளையைக் காணோம் என்று காவல் அறைக் கண்ணாடியைத் தட்டி அழுத தாய்மாரை அவர் எத்தனை முறை கேட்டிருக்கிறார்! என்ன சட்டை, என்ன கலர்? தெரியாது என்று விழித்தால், பெற்ற பிள்ளை என்ன போட்டிருக்கிறான் என்றுகூடப் பார்க்கமாட்டீர்களா என்று முனகியிருக்கிறார். இப்போது கண்ணை மூடிப் பார்த்தார். டாக்டரின் வழுக்கை வந்தது. எட்டாம் மாடி அம்மாளின் சிவப்புக் குடை வந்தது. அல்போன்சம்மாள் வரவில்லை. காலையில் புடவையா, சுடிதாரா? அதுகூடத் தெரியவில்லை.

"அங்கிள்? ஹலோ?"

ஃபோனை வைத்துவிட்டார்.

பிறகு ஓடினார். படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்த கரை முழுக்க ஓடினார். ஒவ்வொரு பாய்மரத்துக்குப் பின்னாலும் அப்துல் காதர் நின்று, நான் சொல்லலையா என்று தலையாட்டுவதுபோல் இருந்தது. தண்ணீரை எட்டிப் பார்த்தார். பச்சையாக, ஆழமாக இருந்தது. உடனே தலையைத் திருப்பிக்கொண்டார். சாவி தொலைந்தால் அந்தோணியாரிடம் கேட்பது அவர் வழக்கம். இப்போதும் "அந்தோணியாரே" என்று தொடங்கினார். மனைவியைத் தொலைந்த பொருள் கணக்கில் சேர்க்கலாமா என்று பயந்து பாதியில் நிறுத்தி, வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல் மறுபடி அவரையே கூப்பிட்டார். மலைமேல் தங்க மாதா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை தளரவில்லை என்பதே அவருக்குக் குத்தலாக இருந்தது.

பார்க்காத இடம் ஒன்றுதான் பாக்கி. கண்ணாடிக் கூரை.

விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். முதுகுகள், பைகள், தூக்கிய ஃபோன்கள். இத்தனை பேரில் நிறம் தெரியாத ஒருத்தியை எப்படித் தேடுவது? மணி மூன்றாகப் போகிறது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.  அப்துல் காதர் வேண்டாம் என்றதைச் செய்தார். அண்ணாந்து பார்த்தார்.

மேலே முழுக்க உச்சந்தலைகள்.

அவருடைய அறைச் சுவர் அப்படியே வானத்தில் விரிந்த மாதிரி. பயம் போகவில்லை, ஆனால் கண் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. திரையில் அவர் நிறத்தைத் தேடமாட்டார். அசைகிற கூட்டத்தில் அசையாதது எது என்று பார்ப்பார். ஒரு தூணடியில் கூட்டம் ஓர் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போனது. நடுவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு. மற்றச் செருப்பு, கை எட்டும் தூரத்தில், வெறும் கல்தரைமேல். யாரோ அதை மிதிக்கப் போக, அவள் கை வீசி விரட்டினாள். தேக்காவில் புறாவை விரட்டுகிற அதே வீச்சு.

கண்ணைத் தாழ்த்தினால் காணவில்லை. மறுபடி அண்ணாந்தார். அண்ணாந்தபடியே நடந்தார். நாலு பேர்மேல் மோதினார். திருட நினைத்தவன் அவரை அப்போது முழுசாகவே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒருவரும் கையிலிருந்த ஜாக்கெட்டைக்கூட எடுக்கவில்லை.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றாள் அல்போன்சம்மாள்.

"நீ ஏன் எந்திரிச்ச? எந்திரிக்காதன்னு சொன்னேன்ல?"

"அந்தத் தம்பி வந்து என்னமோ கேட்டான். என்ன வேணும்னுதான் கேட்டிருப்பான். கையில பத்து காசு இருக்கா எனக்கு? எல்லாம் உங்க வயித்துல இருக்கு. டிஷ்யூவ வச்சிட்டு உங்களக் கூப்பிட வந்தேன், அந்தக் கடை உள்ள நீங்க இல்ல. திரும்பிப் போனா வெள்ளக்காரன் உக்காந்து மீன் திங்கறான். டிஷ்யூ இருக்குன்னுகூடப் பாக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இங்க வந்தேன்." மடியில் இல்லாத தூசியைத் தட்டினாள். "பயமாத்தான் இருந்துச்சு."

முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அது அவருடைய சொல். பாய்மரமும் ஆழத் தண்ணீரும் செய்யாததை அது செய்தது. லாசரஸுக்கு உடம்பு முழுக்கச் சில்லிட்டுவிட்டது.

அவள் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டாள். "நிக்காதீங்க, உக்காருங்க. உங்களுக்குத்தான் எடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

உட்கார்ந்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"என்ன?"

"என் ஃபோனு. என் பாஸ்போர்ட்டு. எடுங்க."

"இங்கயா? பஸ்ல ஏறி எடுத்துத் தரேன்."

"எடுங்கன்னா எடுங்க."

கால்சட்டைக்குள் கையை விட்டு, துணிப்பையின் ஊக்கைக் கழற்றத் தடுமாறினார். மேலே மார்செய் முழுவதற்கும் அது தலைகீழாகத் தெரிந்துகொண்டிருந்தது. கழற்றிக்கொண்டே அண்ணாந்து, தன் பக்கத்தில் தொங்கிய அந்த உருவத்தை உச்சியிலிருந்து பாதம் வரை, வாக்குமூலம் எழுதுகிறவர்போல், பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூச்சிரைக்க ஓடிவந்த கேட்லின், அல்போன்சம்மாளைக் கவனிக்காமல், "அங்கிள்! நீங்க கலர் சொல்லவே இல்லையே!" என்றாள்.

"பச்ச" என்றார் லாசரஸ், கரையில் வலை மடித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. "பச்ச சுடிதார். வெள்ளப் பூ. எடது தோள்ல ஒரு ஊக்கு."